பட்டினி கிடந்தால் ரத்தப் புற்றுநோய் செல் சாகுமா? 'ஆட்டோபேஜி' ஃபார்வர்டுகள் சொல்லாத கதை

வைகுண்ட ஏகாதசி வந்தால் சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரைப் பார்க்க விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். அதே நாளில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் வேறொரு வரிசையும் ஓடும். விரதம் இருந்தால் உடலில் 'ஆட்டோபேஜி' தொடங்கும், புற்றுநோய் செல்களை உடம்பே தின்றுவிடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்கிற மெசேஜ். வருடா வருடம் வார்த்தைகள் கொஞ்சம் மாறும், சாரம் மாறாது.

ஆரோக்கியமான ஒருவர் ஏகாதசிக்கு ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பதில் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. அது அவரவர் பக்தி. பிரச்சினை 'புற்றுநோய்' என்ற சொல்லில் இருக்கிறது. அதிலும் ரத்தப் புற்றுநோய் என்று வரும்போது இந்த மெசேஜ் வெறும் அரைகுறைத் தகவலாக நிற்பதில்லை, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏனென்றால் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஆட்டோபேஜிக்கு உண்மையிலேயே ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலையைத் தொடங்கி வைப்பது பட்டினி அல்ல, மருந்து. அந்த மருந்துக்குக் காத்திருக்கும் நேரமோ மாதக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில்தான் இருக்கிறது.

அந்த நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏபிஎல். அதன் சிகிச்சை வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமையான பக்கம் உண்டு. ஃபார்வர்டு செய்ய வேண்டிய கதை உண்மையில் அதுதான்.

நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது?

முதலில் அந்த ஜப்பான் விஞ்ஞானி. யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆட்டோபேஜிக்காகக் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அவர் ஆராய்ந்தது நோயாளிகளை அல்ல, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டை. 1990-களின் தொடக்கத்தில், சத்துக் கொடுக்காமல் ஈஸ்ட் செல்களைத் தவிக்கவிட்டு, அவை உள்ளுக்குள் எதை எப்படிச் சிதைக்கின்றன என்று பார்த்தார். அதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். வாட்ஸ்அப் மெசேஜில் வரும் 'பட்டினி' இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒற்றைச் செல் உயிரி ஒன்று சோதனைக் கூடத்தில் பட்டினி கிடந்ததற்கும், மனிதர் ஒருவர் புற்றுநோய்க்கு மருந்தாகப் பட்டினி கிடப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைத்தான் அந்த மெசேஜ் சொல்வதில்லை.

'ஆட்டோபேஜி' என்ற பெயரை வைத்தவரும் ஓசுமி அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் 1963-ல் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் 'தன்னைத் தானே உண்ணுதல்' என்று பொருள். செல்லுக்குள் செரிமானப் பை போல இயங்கும் லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

செயல்முறை எளிமையானது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காயலான் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதான புரதங்கள், தேய்ந்துபோன உறுப்புகள், தேவையில்லாத மூட்டை முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரு சவ்வுப் பைக்குள் கட்டி லைசோசோமுக்கு அனுப்புகிறது செல். அங்கே அவை பிரித்துப் போடப்படுகின்றன. கிடைக்கும் பாகங்கள் மறுபடி பயன்படுகின்றன. இதுதான் ஆட்டோபேஜி. இது ஏதோ விரத நாளில் மட்டும் திறக்கிற கடை அல்ல. ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் எல்லா நாளும் ஓரளவு நடந்துகொண்டே இருக்கும். நெருக்கடி வந்தால் கடையில் கூட்டம் கூடும், அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காயலான் கடை நல்ல செல்லுக்கு மட்டும் சொந்தமில்லை. புற்றுநோய் செல்லுக்குள்ளும் அது உண்டு. பட்டினி நேரத்தில் பழைய இரும்பை விற்றுப் பிழைக்க அந்தச் செல்லுக்கும் தெரியும். அதனால் 'ஆட்டோபேஜி அதிகமானால் புற்றுநோய் அழியும்' என்று ஒரே வரியில் சொல்வது, 'கத்தி இருந்தால் சமையல் நடக்கும்' என்று சொல்வது போலத்தான். கத்தி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

ஏபிஎல் என்றால் என்ன?

மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு 'டிரெய்னி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. எலும்பு மஜ்ஜையிலும் டிரெய்னிகள் உண்டு. நம் உடலில் கிருமிகளை எதிர்த்து நிற்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு, பல கட்டப் பயிற்சிக்குப் பிறகுதான் முழு வேலைக்காரராக ரத்தத்துக்குள் வருகிறது. பயிற்சியின் இடைப்பட்ட ஒரு கட்டத்தில் இருக்கும் செல்லின் பெயர் புரோமைலோசைட்.

ஏபிஎல்-லில் நடப்பது இதுதான். 15-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஜேனட் ரௌலியின் குழு 1977-ல் இதைக் கண்டறிந்தது. இந்தத் தப்பான ஒட்டினால் பிஎம்எல்-ஆர்ஏஆர்ஏ என்ற ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. அது பயிற்சிக் கூடத்தின் கதவைப் பூட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் டிரெய்னிகள் டிரெய்னிகளாகவே பெருகுகிறார்கள், வேலைக்கு வர ஆளில்லை. சிவப்பணு, பிளேட்லெட் தயாரிக்கவும் மஜ்ஜையில் இடமில்லாமல் போகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இந்த அரைகுறைச் செல்கள் ரத்தம் உறையும் அமைப்பையே குலைத்துவிடுகின்றன. ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தோலில் நீலத் திட்டுகள், வழக்கத்துக்கு மீறிய மாதவிடாய் என்று தொடங்கும். அடுத்து மூளைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ ரத்தம் கசியலாம். நார்வேயின் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் 1957-ல் இதைத் தனி நோயாக விவரித்தபோதே, வாரக் கணக்கில் உயிரைப் பறிக்கும் நோயாகத்தான் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய்களிலேயே மிகக் கொடியது என்று பெயர் வாங்கியது இது. இன்று நேர் எதிர். சரியான நேரத்தில் சிகிச்சை தொடங்கினால், பெரியவர்களுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோய்களில் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய ஒன்று என்று மருத்துவர்கள் தைரியமாகச் சொல்லும் நோய் இது.

எது மாறியது?

கொல்லாமல் வளர்ப்பது

வழக்கமான கீமோதெரபி செல்லைக் கொல்கிறது. ஏபிஎல்-லின் மருந்துகள் வேறு வழியில் போகின்றன. பூட்டிய கதவைத் திறந்து, டிரெய்னிக்குப் பயிற்சியை முடித்து வைக்கின்றன. முதிர்ந்த செல் பெருகாது. தன் குறுகிய ஆயுளை முடித்துக்கொண்டு தானாகப் போய்விடும். செல்லை முதிரச் செய்யும் இந்த முறைதான் 'டிஃபரன்ஷியேஷன் தெரபி'.

ஷாங்காயைச் சேர்ந்த மருத்துவர் வாங் ஜென்யி, 1985-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு 'ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட்', சுருக்கமாக அட்ரா என்ற மாத்திரையைக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988-ல் அவருடைய குழு 24 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. அதில் 23 பேருக்கு அட்ரா மட்டுமே போதுமானதாக இருந்து நோய் அடங்கியது.

அட்ரா என்ற பெயர் புதிதாகத் தெரியலாம். 'ட்ரெடினோயின்' என்றால் பலருக்குத் தெரியும். பருவுக்கு டாக்டர் எழுதித் தரும் அதே கிரீம். மூலக்கூறு ஒன்றுதான். வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர். அதற்காகக் கேரட் ஜூஸ் குடித்தால் லுகேமியா போய்விடும் என்று யாரும் அடுத்த ஃபார்வர்டைத் தயாரித்துவிடக் கூடாது. கேரட்டில் இருப்பது வேறு, மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அட்ரா வேறு.

இரண்டாவது மருந்து இன்னும் ஆச்சரியமானது. ஆர்செனிக் ட்ரையாக்சைடு. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு வெள்ளைப் பாஷாணம். சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டோங் குழு, 1970-களில் ஒரு நாட்டு மருந்துக் கலவையைப் பிரித்துப் பார்த்து, அதில் வேலை செய்வது ஆர்செனிக்தான் என்று கண்டது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2000-ல்.

ஆட்டோபேஜி எங்கே நுழைகிறது?

கதவைப் பூட்டிய அந்தக் கலப்புப் புரதம் ஒழிந்தால்தான் செல் முதிரும். இரண்டு மருந்துகளும் அதைத்தான் குறி வைக்கின்றன. அட்ரா புரதத்தின் ஒரு முனையைப் பிடிக்கிறது, ஆர்செனிக் இன்னொரு முனையை. பிடித்ததும் அந்தப் புரதத்தின் மேல் 'அப்புறப்படுத்து' என்று முத்திரை விழுகிறது. அப்புறப்படுத்துவது யார்? செல்லில் புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம் என்ற இயந்திரம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்று நெடுநாள் கருதப்பட்டது. அது சரிதான், ஆனால் அது மட்டும் இல்லை.

2010-ல் நார்வேயின் ஆஸ்லோவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, இந்தப் புரதத்தை அழிப்பதில் ஆட்டோபேஜிக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. அட்ராவோ ஆர்செனிக்கோ கொடுத்தால் லுகேமியா செல்லுக்குள் காயலான் கடை சுறுசுறுப்பாகிறது. ஆட்டோபேஜியை முடக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுத்தால் கலப்புப் புரதம் முழுதாக அழியாமல் நிற்கிறது. அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வு, பி62 என்ற புரதம் இதில் சுமை தூக்கும் ஆள் போல வேலை செய்வதைக் காட்டியது. முத்திரை விழுந்த சரக்கைப் பிடித்துக்கொண்டுபோய் ஆட்டோபேஜிப் பையில் ஏற்றுவது அதுதான்.

இதுவரை கேட்டால் ஆட்டோபேஜி ஹீரோ. ஆனால் கதையில் இரண்டாம் பாதி இருக்கிறது. ஏபிஎல் அல்லாத பிற லுகேமியாக்களில், கீமோதெரபியின் தாக்குதலிலிருந்து தப்பிக்கப் புற்றுச் செல்களே ஆட்டோபேஜியைப் பயன்படுத்திக்கொள்வதைப் பல சோதனைக் கூட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் ஆட்டோபேஜியைத் தூண்டப் பார்க்கிறார்கள், இன்னொரு சாரார் தடுக்கப் பார்க்கிறார்கள். மலேரியா மாத்திரையாக நமக்குத் தெரிந்த குளோரோகுயின் குடும்ப மருந்துகள் ஆட்டோபேஜியைத் தடுக்கக் கூடியவை. அவற்றைப் புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

ஒரே செயல்முறை ஓரிடத்தில் மருந்துக்குத் துணை, இன்னோரிடத்தில் நோய்க்குத் துணை. எந்த லுகேமியா, எந்த மருந்து, எந்தக் கட்டம் என்று தெரியாமல் 'ஆட்டோபேஜி நல்லது' என்று சொல்வதில் பொருளே இல்லை.

அப்படியானால் விரதம்? 2017-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குக் கிட்டத்தட்ட நேரடிப் பதில் தருகிறது. லுகேமியா உள்ள எலிகளுக்கு விட்டு விட்டு உணவை நிறுத்திப் பார்த்தார்கள். லிம்போபிளாஸ்டிக் வகை லுகேமியாவில் நோய் வளர்ச்சி கட்டுப்பட்டது. ஆனால் மைலாய்டு வகை லுகேமியாவில் அந்தப் பலன் இல்லை. ஏபிஎல் இந்த மைலாய்டு வகையைச் சேர்ந்தது. பலன் கிடைத்த வகையிலும் அது எலிகளில் பார்த்த முடிவுதான், மனிதருக்கான சிகிச்சை அல்ல. எடை குறைந்து, காய்ச்சலோடு, ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பட்டினி போடுவதற்கு இதில் எந்த ஆதாரமும் கிடையாது.

வேலூர் எழுதிய பக்கம்

1990-களின் கடைசியில் ஏபிஎல்-லுக்கு உலகம் முழுக்க ஏற்கப்பட்ட சிகிச்சை, அட்ராவும் கீமோதெரபியும் சேர்ந்தது. நல்ல சிகிச்சை. ஆனால் கீமோ என்றால் வாரக் கணக்கில் மருத்துவமனை, தொற்று, ஆன்டிபயாடிக், ரத்தம் ஏற்றுவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நிலத்தை அடகு வைத்து மருத்துவம் பார்க்கும் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் துறையில் மாமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். ஆர்செனிக்கை மட்டுமே வைத்துச் சிகிச்சையைத் தொடங்கினால் என்ன? ஆர்செனிக் ட்ரையாக்சைடை மருத்துவமனையின் மருந்தகத்திலேயே தயாரித்தார்கள். 1998 முதல் 2004 வரை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். 2006-ல் 'பிளட்' இதழில் முடிவு வந்தது. 72 பேரில் சுமார் 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2010-ல் வந்த நீண்டகாலக் கணக்குப்படி, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 74 சதவீதம்.

அந்தக் கணக்கை அன்றைய சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பணக்கார நாடுகள் இந்த மருந்தைப் பெரும்பாலும் நோய் திரும்பி வந்தவர்களுக்கான இரண்டாம் வரிசை ஆயுதமாக வைத்திருந்தன. காசில்லாத நோயாளிகளுக்காக யோசித்த ஒரு மருத்துவமனை அதை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. ஈரான் போன்ற வேறு சில நாடுகளிலும் அதே திசையில் முயற்சிகள் நடந்தன. பிறகு 2013-ல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்களின் ஆய்வு, அட்ராவோடு ஆர்செனிக் சேர்ந்த கூட்டணி, அட்ராவோடு கீமோ சேர்ந்த பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவியது. நடுத்தர, குறைந்த அபாயப் பிரிவு நோயாளிகளில் இரண்டு ஆண்டுக் கணக்கு 97 சதவீதத்துக்கு 86 சதவீதம் என்று ஆர்செனிக் பக்கமே சாய்ந்தது. கீமோவே இல்லாமல் ஒரு தீவிர ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்பது உலக நடைமுறை ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அட்ரா 2015-லும் ஆர்செனிக் 2019-லும் ஏறின.

'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. பாஷாணத்தில் மருந்து இருக்கலாம் என்பது பழைய அறிவு. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நிரூபித்தது புதிய அறிவு. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் விஷம். ஆர்செனிக் சிகிச்சையில் இருப்பவருக்கு இசிஜி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரத்தத்தில் பொட்டாசியம் அளவைக் கவனிக்க வேண்டும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு உண்டு. வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது.

'டெங்குவா இருக்கும்பா'

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் ஏபிஎல் நோயாளிகள் ஏன் இறக்கிறார்கள்? மருந்து வேலை செய்யாததால் இறப்பவர்கள் குறைவு. மருந்து போய்ச் சேர்வதற்குள்ளோ, சேர்ந்த சில நாட்களிலோ ரத்தக் கசிவில் இறப்பவர்களே அதிகம். எல்லாருக்கும் இலவச மருத்துவம் உள்ள ஸ்வீடனிலேயே, 1997 முதல் 2006 வரையிலான தேசியப் பதிவேட்டைப் பார்த்தபோது ஏபிஎல் நோயாளிகளில் 29 சதவீதம் பேர் முதல் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். ஆய்வில் சேரும் அளவுக்குத் தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு ஒன்று, ஊரில் நோய் வந்த எல்லாருடைய கணக்கு வேறு.

இப்போது இந்த ஊருக்கு வருவோம். ஒரு கற்பனை உதாரணம். ஒரகடத்தில் ஷிஃப்ட் போகும் 28 வயதுப் பையன் ஒருவன் சிங்கப்பெருமாள் கோயிலில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். நான்கு நாளாகக் காய்ச்சல், அசதி. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். பக்கத்து லேபில் ரத்தப் பரிசோதனை எடுத்தால் பிளேட்லெட் 25 ஆயிரம். மழைக்காலம் வேறு. ரூம்மேட் என்ன சொல்வான்? "டெங்குவா இருக்கும்பா, பப்பாளி இலைச் சாறு குடி." அம்மா ஊரிலிருந்து போன் செய்து அதையே சொல்வார். தப்பு சொல்ல முடியாது. நம் ஊரில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்தால் முதலில் டெங்குவை நினைப்பதுதான் நியாயம்.

ஆனால் டெங்கு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. அந்த ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஒரு நோயியல் மருத்துவர் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் பெரிஃபெரல் ஸ்மியர். விலை உயர்ந்த மரபணுச் சோதனை இல்லை. புள்ளிப் புள்ளியாக நிறைந்த, உள்ளே குச்சிக் கட்டு போலக் கோடுகள் தெரியும் அந்த புரோமைலோசைட்டைப் பழகிய கண் பார்த்த உடனே சந்தேகப்படும். எண்ணிக்கையை மட்டும் அச்சடித்துத் தரும் மெஷின், எண்ணிக்கைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை எப்போதும் சொல்லிவிடாது.

சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியதையும் சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மரபணுச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், அட்ராவை உடனே தொடங்குங்கள். கூடவே பிளேட்லெட், உறைதலுக்கு உதவும் பிளாஸ்மா பொருட்களை ஏற்றுங்கள். சோதனையில் ஏபிஎல் இல்லை என்று வந்தால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம். தொடங்காமல் விட்டு, ஏபிஎல்தான் என்று வந்தால் போன நாட்கள் திரும்பி வராது.

அந்த நாட்களில் ஒன்றை விரதத்துக்கும், இரண்டை இலைச் சாறுக்கும், மூன்றை 'அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்' என்பதற்கும் கொடுத்தால் என்ன மிஞ்சும்? ஆட்டோபேஜி ஃபார்வர்டின் உண்மையான விலை இதுதான். அது யாரையும் நேரடியாகக் கொல்வதில்லை. நேரத்தைத் தின்கிறது.

மேல்மருவத்தூரில் தொடங்கிய 48

குற்றம் முழுவதையும் வாட்ஸ்அப் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. நோயாளி முதல் நாளே வந்துவிட்டாலும், வந்த இடத்தில் ஸ்மியர் பார்க்க ஆள் வேண்டும், அலமாரியில் அட்ரா வேண்டும், போனில் கேட்க ஒரு நிபுணர் வேண்டும். இது அரசு செய்ய வேண்டிய வேலை.

செய்ய முடியுமா? இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், யார், எந்த ஊர், காப்பீடு இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அப்புறம் என்பதுதான் அதன் அடிப்படை. ஜிஎஸ்டி சாலையில் தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்த 48-ன் அருமை தெரியும். முதல் சில மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொண்ட அரசு அது. ஏபிஎல்-லும் அப்படிப்பட்ட அவசரம்தான். அடிபட்ட காயம் வெளியே தெரியும், இது தெரியாது. வித்தியாசம் அவ்வளவே.

இதற்கு உலகில் முன்மாதிரியும் உண்டு. பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் சர்வதேச நிபுணர்களோடு ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். சந்தேகம் வந்த உடனே அட்ரா, ஒரே மாதிரியான சிகிச்சை முறை, தொடர்ந்து நிபுணர்களோடு ஆலோசனை. புதிய மருந்து எதுவும் இல்லை. 2013-ல் வெளியான கணக்குப்படி, தொடக்க நாட்களின் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் வேலூரில் அனுபவம் இருக்கிறது. 1954 முதல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டில் தொடங்கிப் பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இருப்பவற்றுக்கு நடுவே ஒரு கம்பி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் முதல் சில நாட்களுக்கான அட்ரா மாத்திரை இருப்பு. காய்ச்சலோடு பிளேட்லெட் மிகக் குறைந்து, ரத்தக் கசிவும் இருந்தால் ஸ்மியர் கட்டாயம் என்ற விதி. ஸ்மியர் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்க, இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண். புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை இந்தப் பட்டியல்.

'இது அபூர்வ நோய், இதற்கு இவ்வளவு ஏற்பாடா?' என்று கேட்கலாம். தீவிர மைலாய்டு லுகேமியாவிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இது. கேள்வி நியாயமானது. பதில் இரண்டு. ஒன்று, இது பெரும்பாலும் வேலை செய்யும் வயதில் வரும் நோய். பிற தீவிர மைலாய்டு லுகேமியாக்கள் முதியவர்களை அதிகம் தாக்க, இதில் இளைஞர்களும் நடுத்தர வயதினரும் கணிசமாக இருக்கிறார்கள். காப்பாற்றினால் ஒரு குடும்பத்தின் வருமானமே காப்பாற்றப்படுகிறது. இரண்டு, இந்த ஏற்பாடு ஏபிஎல்-லோடு நிற்காது. ஸ்மியர் பார்க்கும் பழக்கம் வந்தால் பிற லுகேமியாக்களும் சீக்கிரம் பிடிபடும். செல்லை முதிரச் செய்யும் சிகிச்சையும் விரிந்துகொண்டிருக்கிறது. எனாசிடெனிப் 2017-லும், ஐவோசிடெனிப் 2018-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள பிற மைலாய்டு லுகேமியாக்களில், பூட்டிய பயிற்சிக் கூடத்தைத் திறக்கும் மருந்துகள்தான் அவையும். நாளை அவை மலிவாகி இங்கே வரும்போது, நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்க வேண்டும்.

இந்த மருந்துகளுக்கும் கண்காணிப்பு தேவை. டிரெய்னிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் முதிர்ந்து வெளியேறும்போது காய்ச்சல், மூச்சுத் திணறல், உடலில் நீர் கோத்து எடை கூடுவது என்று ஒரு சிக்கல் வரலாம். டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம் என்பார்கள். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். வீட்டில் இருப்பவருக்கு வந்தால் யார் கவனிப்பது? மருந்து மட்டும் போதாது, மருத்துவமனையும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்த ஃபார்வர்டு

ஆட்டோபேஜி பொய் இல்லை. அதற்குக் கொடுத்த நோபல் பரிசும் பொய் இல்லை. லுகேமியா செல்லை முதிரச் செய்வதில் அதற்குப் பங்கு இருக்கிறது என்பதும் பொய் இல்லை. அட்ராவும் ஆர்செனிக்கும் உள்ளே போன பிறகு நடக்கும் வேலை அது. மருந்துக்குப் பதிலாக நடக்கும் வேலை அல்ல.

ஏகாதசி விரதம் இருப்பவர்கள் இருக்கட்டும். ஆனால் காய்ச்சலோடு ஈறில் ரத்தமோ, காரணமில்லாத நீலத் திட்டோ இருக்கும் ஒருவர் அந்தக் குரூப்பில் இருந்தால், அவருக்குப் போக வேண்டிய மெசேஜ் ஒரே வரிதான்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஸ்மியர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.